கட்டுபடியாகும் என்பது யாருக்கு?

மகிழுந்து விற்கும் காட்சிக்கூடத்தினுள் நுழையும் இளைஞனிடம் விற்பனையாளர் கேட்கும் முதல் வினா, "உங்களிடம் எவ்வளவு பணம் இருக்கிறது?" என்பதாகப் பெரும்பாலும் இருப்பதில்லை. "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்றே அவர் கேட்கிறார். இவ்விரு வினாக்களும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. முன்னது கையில் இருப்பதைப் பற்றியது; பின்னது இனி வரவேண்டியதைப் பற்றியது. 'கட்டுதல்' என்னும் தமிழ்ச்சொல் பணம் செலுத்துவதையும் குறிக்கும். கயிற்றால் பிணிப்பதையும் குறிக்கும். தவணை கட்டுகிறவன் அகராதியைப் புரட்டாமலே இவ்விரு பொருளையும் உணர்ந்துகொள்கிறான்.

புதிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருபத்து நான்கு வயது இளைஞனுக்குக் கட்டுபடியாகுமா என்பது பொருளியல் கேள்வியாகவே பேசப்படுகிறது. சம்பளத்தையும் தவணையையும் அருகருகே எழுதிக் கழித்துப் பார்த்தால் விடை வந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அக்கழித்தல் கணக்கில் யார் யாருடைய வாழ்க்கை கழிக்கப்படுகிறது என்று கேட்கும்போது, அது அறத்தைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

முதலில் அந்த ஆசையைப் பற்றிச் சில சொல்லவேண்டும். அதை எள்ளி நகையாடுவது மூத்தோர்க்கு எளிது. "இரண்டே கதவு, பின்னிருக்கையில் ஒரு குழந்தைகூடக் காலை நீட்டி உட்கார முடியாது, இதற்கா இத்தனை பணம்?" என்று அவர்கள் கேட்பர். அவர்களுடைய தந்தையர் காலத்தில், தோட்டத்து லயத்து வாசலில் புதிய ராலே சைக்கிள் ஒன்று வந்து நின்றால் அதைப் பார்ப்பதற்கே அக்கம்பக்கத்தார் கூடினர். பால்மரக் காட்டுக்கு நடந்தே போய்விடலாம். எனினும் அந்தச் சைக்கிள் வேண்டியிருந்தது. அதன் மணியும் விளக்கும் ஞாயிறுதோறும் துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டன. பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. மூன்று நாள் திருமணத்துக்காக மூன்றாண்டு வட்டி கட்டியவர்களும் உண்டு. கூட்டு நிதிகளை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பின்னரும் கூட்டுப் பணம் பிடித்து நகை வாங்கியவர்களும் உண்டு. ஆகவே, இக்காலத்து இளைஞரே வரவுக்கு மீறி ஆசைப்படக் கற்றவர்கள் என்னும் குற்றச்சாட்டு நிற்காது.

அவ்வாசையில் உயர்ந்த பகுதி ஒன்றும் இருக்கிறது. தாழ்ந்த இருக்கை, எடை குறைந்த உடல், பின்சக்கரங்களுக்குச் செல்லும் ஆற்றல், கையால் மாற்றும் கியர் ஆகிய இவையெல்லாம் ஓட்டுபவனைச் சும்மா இருக்க விடுவதில்லை. சாலையின் மேடு பள்ளம் அவன் உள்ளங்கைக்குத் தெரிகிறது. வளைவில் எப்போது வேகத்தைக் குறைப்பது, எப்போது கூட்டுவது என்பதை அவன் கற்றுக்கொள்ளவேண்டியிருக்கிறது. கருவியொன்றைத் திறம்படக் கையாள்வதில் தச்சனும் தையற்காரனும் அடையும் மகிழ்ச்சிக்கு இது உறவானது. அதே வண்டியைப் பிறர் பார்க்கவேண்டும் என்பதற்காகவே வாங்குகிறவனும் இருக்கிறான். பிறர் காணும்பொருட்டே செலவிடும் இவ்வியல்பை அமெரிக்க அறிஞர் தோர்ஸ்டைன் வெப்லென் 1899-இல் விரிவாக எழுதினார். பெரும்பாலோர் உள்ளத்தில் இவ்விரண்டும் கலந்தே கிடக்கின்றன. எவரும் விழித்திராத அதிகாலை மூன்று மணிக்கு, ஆளற்ற மலைச்சாலையில் மட்டுமே ஓட்டலாம் என்றால் அவ்வண்டியை அவன் வாங்குவானா? இக்கேள்விக்குத் தனிமையில் விடை சொல்லிக்கொள்ளத் தெரிந்தவன் பாதி தெளிந்தவன்.

ஒரு காலத்தில் இவ்வகை வண்டிகள் இளைஞரை எண்ணியே விலை குறிக்கப்பட்டன. 1964 ஏப்ரல் 17-ஆம் நாள் போர்டு நிறுவனம் நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் என்னும் மகிழுந்தை அறிமுகப்படுத்தியது. அதன் தொடக்க விலை 2,368 டாலர். அந்நாளில் அமெரிக்கக் கூட்டரசு விதித்திருந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர் 25 காசு. ஆகவே அதன் விலை ஏறத்தாழ 1,900 மணி நேர உழைப்புக்கு ஈடாயிருந்தது. முதலாண்டிலேயே 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன. 2024-இல் அதே பெயர் தாங்கிய வண்டியின் தொடக்க விலை 30,000 டாலரைத் தாண்டிவிட்டது. கூட்டரசுக் கூலியோ 2009 முதல் 7 டாலர் 25 காசிலேயே நின்றது. அக்கூலியில் கணக்கிட்டால் 4,100 மணி நேரத்துக்கும் மேல் உழைக்கவேண்டும். பல மாநிலங்கள் அதனினும் கூடுதலான கூலியை விதித்துள்ளன என்பதையும், இன்றைய வண்டி அன்றைய வண்டியைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது என்பதையும் மறக்கலாகாது. காற்றுப்பைகளுக்கும் புகை குறைக்கும் கருவிகளுக்கும் பணம் வேண்டும். மேலும், குடும்பங்கள் உயரமான வண்டிகளையே நாடுவதால் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் தொகை சுருங்கிவிட்டது. குறைந்த எண்ணிக்கையில் விற்கும் பொருளின் ஆக்கச்செலவு ஒவ்வொன்றின் தலையிலும் கனமாக விழும். டொயோட்டாவும் சுபாருவும் போட்டி நிறுவனங்களாயிருந்தும் ஒரே வண்டியைக் கூடிச் செய்து, 2012-இல் தத்தம் பெயரில் விற்கத் தொடங்கியது இச்சுமையைப் பகிர்ந்துகொள்ளவே.

மலேசியாவிலும் அத்தகைய ஒரு காலம் இருந்தது. 1985-இல் முதல் சாகாவை வெளியிட்ட புரோட்டோன் நிறுவனம், 1990-களில் சத்ரியா, புத்ரா என்னும் துடிப்பான சிறு வண்டிகளைச் செய்தது. 1996-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தையும் தன்வயமாக்கிக்கொண்டது; அந்நிறுவனத்தாரின் கைத்திறம் சத்ரியாவின் வேகவகை ஒன்றிலும் படிந்தது. தொழிற்சாலையில் பணிபுரியும் இளைஞன் சில ஆண்டுகள் சேர்த்தால் எட்டிப்பிடிக்கக் கூடியவையாக அவை இருந்தன. அந்த மரபு தொடரவில்லை. இன்று அவன் கண்முன் நிற்பவை இறக்குமதி வண்டிகள். அவற்றின்மீது இயந்திரத்தின் அளவுக்கேற்ப 60 முதல் 105 விழுக்காடு வரை கலால் வரியும் அதன்மேல் 10 விழுக்காடு விற்பனை வரியும் ஏறுகின்றன. அமெரிக்காவில் 2022-இல் 27,700 டாலரிலிருந்து விற்கத் தொடங்கிய டொயோட்டா ஜி.ஆர். 86, அதே ஆண்டு மலேசியாவுக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 3 இலட்சம் ரிங்கிட். நடுத்தர வசதியுடைய அமெரிக்க இளைஞன் வாங்கும் வண்டி, இங்கு வீட்டு விலைக்கு வந்துவிடுகிறது.

அந்த 3 இலட்சத்தை எடுத்துக்கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்தில் ஒரு பங்கான 30,000 ரிங்கிட்டை முன்பணமாகக் கட்டினால் கடன் 270,000. தவணைக் காலம் இங்கு வழங்கும் உச்ச அளவான ஒன்பது ஆண்டு. வட்டி, மலேசியாவில் நெடுங்காலம் புழங்கிய நேர்வட்டி முறைப்படி ஆண்டுக்கு 3 விழுக்காடு எனக் கொண்டால், மொத்த வட்டி 72,900. தவணைகள் 108. கோவிலில் அருச்சனைக்கு உரிய எண் வங்கிக்கும் உகந்ததாகிவிட்டது! ஒவ்வொரு தவணையும் 3,175 ரிங்கிட். மாதம் 5,000 ரிங்கிட் ஈட்டும் இளம் பொறியாளனுக்கு, 11 விழுக்காட்டு ஊழியர் சேமநிதியும் இத்தவணையும் போக 1,275 ரிங்கிட் எஞ்சும். உணவு, வாடகை, எரிபொருள், சாலை வரி, காப்புறுதி எல்லாவற்றுக்கும் அதுதான்.

இன்னும் ஒன்றைக் காணவேண்டும். இம்முறையில் தொடக்க ஆண்டுகளின் தவணையில் வட்டியின் பங்கே மிகுதியாக எடுத்துக்கொள்ளப்படும். மூன்றாண்டு முடிவில் அவன் 114,300 ரிங்கிட் கட்டியிருப்பான். ஆயினும் 196,000 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் கடன் நிற்கும். அதற்குள் வண்டி பழையதாகிவிடும். விற்றாலும் கடன் தீருமோ தீராதோ என்னும் நிலை அது. வாடகைக் கொள்முதல் என்னும் பெயருக்கேற்ப, கடைசித் தவணை வரையில் அவ்வண்டி முழு உரிமையாக அவனைச் சேர்வதுமில்லை. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, தொடர்ந்து இரு தவணைகள் தவறினால் உரிய அறிவிப்புக்குப் பின் அதை மீட்டுச் செல்லலாம். 'என் வண்டி' என்று அவன் சொல்லும் ஒன்பதாண்டுகளில் அச்சொல் முழு உண்மையாவதில்லை.

இத்தகைய செலவைப் பற்றிய வள்ளுவரின் பார்வை சிந்திக்கத்தக்கது. வரவு சிறிதாயினும் செலவு விரியாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்தை அவர் சிக்கனத்துக்கென ஓர் அதிகாரம் வகுத்து அதில் வைக்கவில்லை. படையெடுக்கும் வேந்தனுக்குரிய 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில் வைத்தார். அதே அதிகாரத்தில் ஒரு வண்டியும் வருகிறது. ஏற்றப்படுவது மயிற்பீலியே ஆயினும், அளவு கடந்தால் அதன் அச்சு முறிந்துவிடும். மாதத் தவணை என்பது மயிற்பீலிதான். ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் அதற்கு எடையே இல்லை. தன் வலியைத் தானே அளந்தறிதல் என்னும் இடத்தில் வள்ளுவர் செலவை வைத்ததனால், கஞ்சத்தனத்தைப் போற்றுகிறவராக அவரைக் காட்டுவது பொருந்தாது.

இளைஞன் தன் வலியைத் தானே அளந்தறியாவிடின் அரசு அளந்து சொல்லவேண்டுமா? ஜோகூர்ப் பாலத்தின் இரு கரைகளிலும் இதற்கு இருவேறு விடைகள் கிடைக்கின்றன. சிங்கப்பூர் 1990 மே மாதம் முதல் வாகன எண்ணிக்கைக்கு வரம்பு விதித்துள்ளது. வண்டி வாங்க விழைவோர், பத்தாண்டு செல்லுபடியாகும் உரிமைச் சான்றிதழை ஏல முறையில் பெறவேண்டும். பெரிய வண்டிகளுக்கான பிரிவில் அச்சான்றிதழின் விலை மட்டும் 2023 அக்டோபரில் 150,001 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது. கடனுக்கும் அங்கே வரம்பு உண்டு. 2013-இல் மிகவும் இறுக்கப்பட்ட அவ்விதி 2016-இல் சற்றே தளர்த்தப்பட்டது. அதன்பின்னும், சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேற்பட்ட வண்டிக்கு 60 விழுக்காடுதான் கடன், அதுவும் ஏழாண்டுக்குத்தான். இரண்டரை இலட்சம் வெள்ளி விலையுள்ள வண்டிக்கு ஒரு இலட்சம் கையிலிருந்து வரவேண்டும் என்பது இதன் பொருள்.

சாலை நெரிசலைக் குறைப்பதற்கும், மக்கள் கடனில் மூழ்காதிருப்பதற்கும் இவ்விதிகள் துணைபுரிவதை மறுக்க முடியாது. ஆயினும், இருபத்து நான்கு வயதில் ஒரு இலட்சம் வெள்ளியை எடுத்து வைக்கக் கூடியவன் யார்? பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளையே. கடனிலிருந்து இளைஞனைக் காத்த விதி, அந்த மகிழ்ச்சியைப் பரம்பரைச் சொத்தாகவும் ஆக்கிவிடுகிறது. வடகரையிலோ கதவு எல்லார்க்கும் திறந்திருக்கிறது; உள்ளே நுழைந்தவன் வெளியேற ஒன்பதாண்டு ஆகிறது. தடுக்கும் விதி நேர்மையானதா, விடுக்கும் விதி நேர்மையானதா என்று பட்டிமன்றம் நடத்தலாம். இரு பக்கத்துக்கும் கைதட்டல் கிடைக்கும். இரண்டுமே இளைஞனைத் தனியன் என்று கொண்டே பேசுகின்றன என்பதுதான் குறை.

தவணைப் பத்திரத்தில் கையொப்பமிடுபவன் இருபத்து நான்கு வயதினன். கடைசித் தவணையைக் கட்டப்போகிறவனோ முப்பத்து மூன்று வயதினன். இவ்விருவரும் ஒருவரா? ஆங்கிலேய மெய்யியலறிஞர் டெரிக் பார்ஃபிட், 1984-இல் வெளியிட்ட 'காரணங்களும் மனிதர்களும்' என்னும் பொருளுடைய நூலில், புகைபிடிக்கத் தொடங்கும் சிறுவன் ஒருவனை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். பின்னாளில் துன்புறப்போகிறவன் தானே என்பதால் அது தன் சொந்த விவகாரம் என்று அச்சிறுவன் எண்ணக்கூடும். வருங்காலத்துத் தன்னையும் பிறரைப் போலக் கருதவேண்டும் என்பார் பார்ஃபிட். பிறர்க்குச் செய்யத் தகாததைப் பின்னாளைய தனக்கும் செய்யலாகாது. இதை ஏற்றுக்கொண்டால், நெடுங்காலக் கடன் என்பது ஊரில் இல்லாத ஒருவரின் பெயரில் கையெழுத்திடுவதை ஒத்தது. அந்த முப்பத்து மூன்று வயதினனுக்கு மனைவி இருக்கலாம். பள்ளி செல்லும் குழந்தை இருக்கலாம். வேலை இல்லாமலும் இருக்கலாம்.

ஆயினும் இவ்வாதத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டால் இளைஞன் எதையுமே வாங்க முடியாது. வருங்காலத்தவனுக்கு உரிமை உண்டெனில் இன்றைய இளைஞனுக்கும் உரிமை உண்டு. ஐம்பத்தைந்து வயதில் சேமநிதி கைக்கு வரும்போது வண்டி வாங்கிக்கொள்ளலாம் என்பது முழு விடையாகாது. தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவதற்குக் கதவைப் பிடித்துக்கொள்ளும் வயது அது. வளைவைக் கண்டதும் உள்ளம் துள்ளிய நாள்கள் போயிருக்கும். சில மகிழ்ச்சிகளுக்குப் பருவம் உண்டு. பருவம் தவறிய நாற்றை எவ்வளவு நீர் பாய்ச்சியும் பயனில்லை என்பதை உழவர் அறிவர். எல்லாவற்றையும் தள்ளிப்போட்டு, முதுமையில் யாருக்காகச் சேர்த்தோம் என்று திகைத்து நிற்கும் முதியவனும் தன் இளமைக்கு அநீதி இழைத்தவனே. இளைஞர்க்கு அறிவுரை வழங்குவோர் இப்பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

ஆகவே, இன்பமா சேமிப்பா என்று வினவுவது பயனற்றது. அவ்வின்பத்துக்கு விலை கொடுக்கும் ஒவ்வொருவரும் அதை அறிந்து இசைந்தாரா என்பதே வினவத்தக்கது. இசைவு பெறாத ஒருவரின் வாழ்நாளிலிருந்து தவணை கட்டப்படுமானால், சம்பளக் கணக்கு எவ்வளவு சரியாக வந்தாலும் அப்பொருள் அவனுக்குக் கட்டுபடியானதாகாது.

இவ்விடத்தில்தான் பிணைக் கையெழுத்து வருகிறது. 5,000 ரிங்கிட் சம்பளத்துக்கு 3,175 ரிங்கிட் தவணை என்றால் வங்கி தயங்கும்; ஜாமீன் கேட்கும். மகன் தந்தையிடம் வருகிறான். தந்தை லாரி ஓட்டுபவராக இருக்கலாம். காவற்பணி புரிபவராக இருக்கலாம். பத்திரத்தின் மொழி அவருக்கு முழுமையாகப் புரியாது. மகன் நம்பிக்கையோடு நிற்கிறான் என்பது மட்டும் புரியும். மறுத்தால் மகன் முகம் வாடும். அவர் கையெழுத்திடுகிறார். அக்கையெழுத்தை இசைவு என்று சட்டம் ஏற்கும். அறநெறியும் அப்படியே ஏற்கவேண்டும் என்பதில்லை. அன்பினால் மறுக்க முடியாதவரிடம் பெற்ற சம்மதத்தில் பாதி அவருடையது, மீதி கேட்டவனுடையது.

மலேசியச் சட்டம் இதைச் சிறிதளவேனும் உணர்ந்திருக்கிறது. 1967-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, 'சமூகப் பிணையாளர்' என்போரை நொடிந்தவராக அறிவிக்க வழக்குத் தொடரலாகாது என்று விதிக்கப்பட்டது. கல்விக் கடனுக்கும், குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கும், சொந்தப் பயன்பாட்டுக்கான வண்டியின் வாடகைக் கொள்முதலுக்கும் ஊதியம் கருதாது பிணை நின்றவர்கள் இதனால் காக்கப்படுகின்றனர். அதற்கு முன், மகனுடைய வண்டிக்காகத் தந்தை நொடிந்துபோவதற்குச் சட்டத்தில் இடமிருந்தது. இப்போது அவர் நொடிந்தவராக அறிவிக்கப்படமாட்டார். ஆயினும் கடன்பொறுப்பு நீங்கிவிடவில்லை. மேலும், மகனின் தவணை தவறும் மாதத்தில் தன் சம்பளத்திலிருந்தோ, முதுமைக்கென வைத்த சேமநிதியிலிருந்தோ அவர் தாமே எடுத்துக் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் எங்கும் இல்லை. 2024 மே மாதம் முதல் சேமநிதியின் ஒரு பகுதி, எப்போதும் எடுக்கத்தக்க நெகிழ்வுக் கணக்காக ஆக்கப்பட்டபின், அவ்வாறு கொடுப்பது இன்னும் எளிதாகிவிட்டது.

அப்படியாயின் அவ்விளைஞன் என் செய்வது? வண்டியை வாங்கும் முன்னரே தவணையைக் கட்டிப் பார்க்கலாம். காட்சிக்கூடத்தில் குறித்துத் தந்த அதே 3,175 ரிங்கிட்டை, அதே தேதியில், ஈராண்டுக்குத் தனிக் கணக்கில் போடவேண்டும். அவ்விருபத்து நான்கு மாதங்களில் நண்பன் திருமணம் வரும். தாயின் மருத்துவச் செலவு வரும். வேலை மாற்றமும் வரலாம். கணக்கில் கைவைக்க நேர்ந்தால், 1,275 ரிங்கிட்டில் வாழ்வது தன்னால் இயலாது என்பதை எவரும் சொல்லாமலே அவன் அறிவான். அதற்காக எவர் சேமநிதியும் கரைந்திராது. கைவைக்காது முடித்தானாயின் வட்டி நீங்கலாக 76,200 ரிங்கிட் சேர்ந்திருக்கும். தந்தையின் பணம் ஒரு காசும் கலவாத அம்முன்பணத்தைக் கொடுத்து மீதி 223,800 ரிங்கிட்டுக்கு அதே வட்டியில் ஏழாண்டுக் கடன் எடுத்தால், தவணை 3,224 ரிங்கிட். முன்பு போட்ட கணக்கைவிட ஐம்பது ரிங்கிட் அளவே கூடுதல். மொத்த வட்டி 72,900-லிருந்து 47,000 ஆகக் குறையும். கடன் தீரும் வயது முன்போலவே முப்பத்து மூன்றுதான்.

இரண்டாண்டு காத்திருந்தால் அவ்வகை வண்டியின் உற்பத்தியே நின்றுபோகுமே என்று அவன் மறுக்கலாம். அம்மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. டொயோட்டா செலிக்காவின் உற்பத்தி 2006-இலும், ஹோண்டா எஸ் 2000-இன் உற்பத்தி 2009-இலும் நின்றுபோயின. அவ்வண்டிகளுள் நல்ல நிலையில் உள்ளவை இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்குவோருள் இளைஞரும் உளர்.